காலி மனைப் புதருக்குள் ஓடிய முயலைப் பிடிக்க

கூண்டிலிருந்து தப்பிய முயல் பக்கத்துக் காலி மனைப் புதருக்குள் இருக்கிறது, கிட்டப் போனால் ஓடுகிறது என்கிறீர்கள். முதலில் துரத்துவதை நிறுத்துங்கள். துரத்தத் துரத்த அது இன்னும் தூரம் போகும். பயத்திலேயே முயல் செத்துப்போவதும் உண்டு.

விடியற்காலையும் அந்தி நேரமும்தான் அது வெளியே வரும். அதன் கூண்டையே புதரோரம் கதவு திறந்து வையுங்கள். கழுவ வேண்டாம், பழைய வாசனைதான் அதை இழுக்கும். உள்கோடியில் கொத்தமல்லித்தழை, சிறு வாழைப்பழத் துண்டு. கதவில் நீளக் கயிறு கட்டி, தள்ளி உட்கார்ந்து, முழு உடலும் உள்ளே போன பிறகே இழுங்கள். அவசரப்பட்டால் கால் சிக்கும், அடுத்த முறை கூண்டுப் பக்கமே வராது.

உள்ளே போகாமல் அருகில் மேய்ந்தால், மூன்றடி உயரக் கம்பிவலையை இரண்டு மூன்று பேர் பிடித்து, மெதுவாக வளைத்து வட்டத்தைச் சுருக்குங்கள். வலையின் அடி தரையில் படியட்டும், இல்லாவிட்டால் முயல் இடுக்கில் நுழைந்துவிடும். மீன்வலை வேண்டாம், நகம் மாட்டி ஒடியும்.

காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை மார்புக்கடியில், மறு கை பின்புறத்தைத் தாங்கட்டும். தாங்காவிட்டால் உதைக்கும் வேகத்தில் முதுகெலும்பே முறியும்.

பிடித்தபின் உண்ணி, கடிகாயம் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். முயல் பிடிபடும்வரை தெருநாய்களை அந்தப் பக்கம் அண்டவிடாதீர்கள்.