கவர்ன்மென்ட் ஸ்கூல்தான், ஆனால் ஃபீஸ் வாடகையில் இருக்கிறது

கேள்வி: தம்பிக்கு சிகாகோவில் வேலை கிடைத்திருக்கிறது. பக்கத்தில் வில்மெட் என்ற ஊரில் வீடு பார்த்திருக்கிறான். பெண்ணை ஒன்பதாவதில், நியூ ட்ரியர் என்ற அரசுப் பள்ளியில் சேர்க்கிறார்களாம். "கான்வென்டில் படித்த பிள்ளையை அங்கே கொண்டுபோய் கவர்ன்மென்ட் ஸ்கூலிலா?" என்று அம்மா புலம்புகிறார். நீங்கள் அந்தப் பக்கம் இருந்துவிட்டு வந்தவர். என்ன சொல்ல?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இதையேதான் நானும் என் மகளிடம் கேட்டேன். முப்பது வருஷம் கணக்கு டீச்சர், கேட்காமல் இருப்பேனா? "ஃபீஸை மாசாமாசம் வாடகையில் கட்டிக்கொண்டுதானே இருக்கிறேன்" என்றாள்.

அதுதான் விஷயம். அங்கே பள்ளியின் பெரும்பணம் அந்தந்த வட்டாரத்து வீடுகளின் சொத்துவரியிலிருந்து வருகிறது. மிச்சிகன் ஏரிக்கரையில் இந்தப் பள்ளியின் எல்லைக்குள் வரும் வின்னெட்கா, கெனில்வொர்த், கிளென்கோ, வில்மெட் எல்லாம் வசதியான ஊர்கள். அதனால் பள்ளிக்கும் குறைவில்லை. டியூஷன் ஃபீஸ் கிடையாது, விண்ணப்பத்தோடு சில்லறைக் கட்டணங்கள் உண்டு. ஆனால் எல்லைக்குள் குடியிருப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். எல்லைக்கு வெளியே இருந்தால், சாலையின் அந்தப் பக்கமே வீடு இருந்தாலும் இடமில்லை. 2008 செப்டம்பரில், இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து, இல்லினாய் மாநில செனட்டர் ஜேம்ஸ் மீக்ஸ் சிகாகோ நகரப் பிள்ளைகள் ஆயிரம் பேருக்கு மேல் பஸ்ஸில் அழைத்து வந்து, இந்தப் பள்ளியில் சேர விண்ணப்பம் நிரப்ப வைத்தார். இடம் கிடைக்காது என்று தெரிந்தே செய்த போராட்டம். 2017-ல் மாநிலம் பள்ளிகளுக்குப் பணம் பிரிக்கும் முறையைத் திருத்தினார்கள். இருந்தும் சொத்துவரியின் கை இன்னும் ஓங்கித்தான் இருக்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் உங்கள் கேள்வி அதுவல்ல.

பிள்ளைகள் 4000-க்குச் சற்றுக் குறைவு. 1901-ல் தொடங்கிய பழைய பள்ளி வின்னெட்காவில், இந்தியன் ஹில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்பதாவது மட்டும் நார்த்ஃபீல்டில் தனி வளாகம். புதுப் பிள்ளைகள் பெரிய கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க நல்ல ஏற்பாடு.

அதைவிட நல்லது அட்வைசர் முறை. கிட்டத்தட்ட நூறு வருஷமாக இருக்கிறதாம். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர், தினமும் காலையில் அவர்களோடு உட்கார்ந்து பேசுவார். முதல் வருஷ அட்வைசர் வீட்டுக்கே வந்து பெற்றோரைப் பார்ப்பது பழைய வழக்கம். எங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு ஃபில்டர் காபி கொடுத்தேன். டம்ளரை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கர்சீப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு முழுசாகக் குடித்தார். பேத்தியைப் பற்றி அவர் கேட்ட சில கேள்விகளுக்கு என் மகளுக்கே பதில் தெரியவில்லை.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். அங்கே டீச்சர் வகுப்புக்கு வருவதில்லை, பீரியடுக்கு பீரியட் பிள்ளைகள்தான் அறை மாற வேண்டும். புத்தகம் லாக்கரில் இருக்கும். சாவி கிடையாது, எண் பூட்டு. வலப்பக்கம் சுற்றி ஒரு எண், இடப்பக்கம் ஒரு முழுச் சுற்று தாண்டி இரண்டாவது, மறுபடி வலம் வந்து மூன்றாவது. சில கோடு தள்ளி நின்றால் திறக்காது. பேத்தி முதல் வாரம் சாப்பாட்டு மேஜையில் அதே மாதிரி பூட்டை வைத்துக்கொண்டு அழாத குறை. தம்பி பெண்ணை ஊரிலேயே பழகிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: ரேங்க் உண்டா? (அதே வாசகி)

பதில்: கிடையாது. ஒரே பாடத்தையே எளிது, கடினம் என்று பல லெவலில் நடத்துகிறார்கள், அவரவர் பலத்துக்கு ஏற்ப. கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண்ணோடு 'ஸ்கூல் புரொஃபைல்' என்று பள்ளியைப் பற்றிய ஒரு குறிப்பும் போகும், அதில் இதையெல்லாம் விளக்கியிருப்பார்கள். அம்மாவிடம் ரேங்க் இல்லை என்பதை மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள்.