பூரிம் விருந்தில் குடித்தே ஆக வேண்டுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர், ஆர்த்தடாக்ஸ் யூதர், பூரிம் பண்டிகை விருந்துக்குக் குடும்பத்தோடு அழைத்திருக்கிறார். அன்று நிதானம் தவறும்வரை குடிப்பது அவர்கள் மதக் கட்டளை என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். நான் குடியை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. மறுத்தால் அவமதிப்பாகுமா?

பதில்: ஆகாது. அந்தக் கட்டளை யூதர்களுக்குத்தான்; விருந்தாளியான உங்களுக்கு ஒரு சொட்டுகூடக் கடமை இல்லை. தைரியமாகப் போங்கள்.

உங்களைப் பயமுறுத்தியவர் சொன்னது பாதி உண்மை. பாரசீகத்தில் யூதர்களை ஒழிக்கப் பார்த்த ஆமான் தோற்று, யூதரான மொர்தெகாய் வென்ற கதையைக் கொண்டாடும் நாள்தான் பூரிம். ‘ஆமான் ஒழிக’ என்பதற்கும் ‘மொர்தெகாய் வாழ்க’ என்பதற்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குப் பூரிம் அன்று குடிக்க வேண்டும் என்று யூதர்களின் பழைய சட்டநூலான தால்முத்தில் ஒரு வரி இருக்கிறது. எல்லோரும் அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த வரியிலேயே ஒரு கதை வருகிறது. ரப்பா, ரபி ஸேரா என்ற இரண்டு மதகுருக்கள் சேர்ந்து விருந்துண்டார்கள். போதையில் ரப்பா எழுந்து ஸேராவின் கழுத்தை அறுத்துவிட்டார். மறுநாள் பிரார்த்தனை செய்து உயிர்ப்பித்தார். அடுத்த வருடமும் கூப்பிட்டபோது ஸேரா சொன்ன பதில்: “எல்லாத் தடவையும் அற்புதம் நடக்காது.” இந்தக் கதையை ஏன் அங்கே வைத்தார்கள் என்று கேட்டால் பாட்டில் பிரியர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த மதச்சட்ட அறிஞர் மோசே இஸ்ஸர்லெஸ் இன்னும் எளிதாக வழி காட்டினார்: வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடக் குடித்துவிட்டுப் படுத்துத் தூங்கினால் போதும், தூங்குகிறவனுக்கு ஆமானும் தெரியாது, மொர்தெகாயும் தெரியாது. குடியால் கெட்டவர்களுக்கு அதுவும் வேண்டாம். ரபியும் மனநல மருத்துவருமான ஆபிரகாம் ட்வெர்ஸ்கி 1972இல் பிட்ஸ்பர்க் பகுதியில் போதை மீட்பு மையமே தொடங்கினார். ‘யூதர்களில் குடிநோயாளி கிடையாது’ என்ற வெட்டிப் பெருமையை அவர் காலமெல்லாம் உடைக்க வேண்டியிருந்தது. வெள்ளி இரவில் ஒயின் கிண்ணத்தோடு சொல்லும் கிட்டூஷ் பிரார்த்தனைக்கும், பஸ்கா பண்டிகை விருந்தில் குடிக்கும் நான்கு கிண்ணங்களுக்கும்கூடத் திராட்சைச் சாறு செல்லும்.

இவ்வளவு தெளிவாக இருந்தும், ஒவ்வொரு பூரிமிலும் பதின்வயதுப் பையன்களை ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். நன்கொடை கேட்டு வீடு வீடாகப் போகும் பையனுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ‘ஒரு வாய்’ ஊற்றினால் வேறென்ன ஆகும்? சனிக்கிழமை வழிபாட்டின் நடுவே நழுவிப்போய் விஸ்கி அடிக்கும் ‘கிட்டூஷ் கிளப்’களை ஒழியுங்கள் என்று அமெரிக்க ஆர்த்தடாக்ஸ் யூதர்களின் அமைப்பான ஆர்த்தடாக்ஸ் யூனியன் 2005இல் கேட்டுக்கொண்டது. ஆனாலும் பல இடங்களில் கதவை மட்டும் சாத்திக்கொண்டார்கள். தலைவர்களே உள்ளே உட்கார்ந்திருந்தால் யார் யாரைக் கேட்பது?

சரி, உங்கள் விஷயம். பரிசாக ஒயின் வாங்கிப் போகாதீர்கள். கடைக்காரர் “கோஷர்தான் சார்” (யூத உணவு விதிக்கு ஏற்றது) என்று விலை கூடிய பாட்டிலைத் தலையில் கட்டுவார். லேபிளில் ‘மெவுஷால்’ என்று இருக்கிறதா என்பதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். மெவுஷால் என்றால் சூடாக்கியது. அதை யார் ஊற்றினாலும் சிக்கல் இல்லை. சூடாக்காத ஒயினை, கோஷரே ஆனாலும், திறந்தபின் யூதரல்லாதவர் எடுத்து ஊற்றினால் கண்டிப்பானவர்கள் குடிக்க மாட்டார்கள். மூடி திறக்காதவரை பாதகமில்லை. மேசையில் திறந்த பாட்டிலைப் பக்கத்தவருக்கு உதவியாக நகர்த்திக்கூடக் கொடுக்காதீர்கள். வீட்டுக்காரர் சங்கடப்படுவார், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். மெவுஷால் என்று அச்சிட்ட கோஷர் திராட்சைச் சாறு ஒரு பாட்டில் கொண்டுபோங்கள். உங்கள் கிண்ணத்துக்கும் அதுவே ஆச்சு.

நண்பரிடம் முன்கூட்டியே, “நான் குடிப்பதில்லை, வண்டி ஓட்ட நான் இருக்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள். விருந்து பெரும்பாலும் பிற்பகலில் தொடங்கும். சத்தம் ஏறினால் பிள்ளைகளைச் சாக்குச் சொல்லிக் கிளம்பலாம்.

அப்புறம், அன்று தின்பண்டம் பரிமாறிக்கொள்வது வழக்கம் என்று வீட்டில் முறுக்குச் சுட வேண்டாம். உங்கள் அடுப்பு கோஷர் இல்லை. நறுக்காத பழங்கள் போதும்.