கல்வீடு இருந்தால் அஸ்வெசும கிடைக்காதா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் தென்மராட்சியில் இருக்கிறோம். கணவர் மேசன் வேலை செய்தவர். போன வருஷம் சாரத்தில் இருந்து விழுந்து முதுகில் அடிபட்ட பிறகு பாரம் தூக்க ஏலாது. கிடைக்கிற நாளில் சின்னச் சின்ன வேலைக்குப் போவார். நான் விடியப்புறம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். மகள் 4ஆம் வகுப்பு. மகனுக்கு இரண்டரை வயது. மாமிக்கு 73. அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிக் கொடுப்பனவுக்குப் பதிந்தோம், வீட்டுக்கு வந்து பார்த்தும் போனார்கள். பெயர் வரவில்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய கல்வீடு இருக்கிறபடியால்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். ஆனால் லொறி வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்குக் கிடைக்கிறது. அவர்களுக்கு எதிராக எழுதிப் போடலாமா? மேன்முறையீடு செய்வோம் என்றால், "பிச்சைச் சம்பளத்துக்கு அலைகிற குடும்பமா நாங்கள்" என்று கணவர் கோபிக்கிறார். மகனுக்கு நிறை காணாது என்று கிளினிக்கில் சொன்னார்கள். அஸ்வெசும இல்லாத எங்களுக்குத் திரிபோஷா சத்துமா தருவார்களா என்று கேட்க வெட்கமாக இருந்தது. கனடாவில் இருக்கிற என் அக்கா பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கொஞ்சம் காசு அனுப்புவா. அதையும் சொல்ல வேண்டுமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள தங்கச்சிக்கு, நீங்கள் கேட்க வெட்கப்பட்டதில் இருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு மாதம் பொறுக்கும். பிள்ளையின் நிறை பொறுக்காது.

திரிபோஷாவுக்கும் அஸ்வெசுமவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. திரிபோஷா சுகாதாரப் பகுதியால் வருவது. உங்கள் வீட்டு வருமானத்தை அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஆறு மாதத்தில் இருந்து ஐந்து வயது வரைக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் அது இலவசம். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் மாதாமாதம் நிறையைப் புள்ளி போட்டுக் கோடு இழுப்பார்கள் அல்லவா, அந்தக் கோடு எந்த நிறப் பகுதிக்குள் போகிறது என்பதுதான் கணக்கு. கோடு கீழே இறங்கியிருந்தால் மகனுக்கு அது சேர வேண்டிய பொருள். அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் இந்தக் கிழமையே போய், "மகனுக்கு நிறை காணாது என்றீர்கள், திரிபோஷா எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். கையிருப்பு இல்லை என்றால் எப்போது வரும் என்று கேட்டு, உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கிடைத்த மா மகனுக்கு மட்டும்தான். மகளும் பக்கத்தில் இருந்து கேட்பாள், கொடுக்காமல் விட மனம் வராதுதான். ஆனால் இரண்டு பேரும் பங்கு போட்டால் மகனின் கோடு ஏறாது. மகளுக்கு வேறு வழி இருக்கிறது: 5ஆம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடத்தில் சத்துணவுத் திட்டம் நடக்கிறது. அவளுடைய பள்ளிக்கூடத்தில் அது ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று வகுப்பு ரீச்சரிடம் கேளுங்கள்.

கர்ப்பிணித் தாய்மாருக்கான போஷாக்குப் பொதியும் கிளினிக் பதிவை வைத்துத்தான் கிடைக்கிறது. இதை வாசிக்கிற மற்றத் தங்கச்சிமாருக்காகச் சொல்லி வைக்கிறேன்.

சரி, இனி அஸ்வெசும. வறிய குடும்பங்களுக்கு முன்பு கொடுத்து வந்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு 2023 ஜூலையில் வந்த திட்டம் இது. நலன்புரி நன்மைகள் சபை கொழும்பில் இருந்து நடத்துகிறது. சமுர்த்திக் காலத்தில் உத்தியோகத்தர் உங்களைத் தெரிந்தவராக இருந்தால் நிலைமையைச் சொல்லிக் கதைக்கலாம். இப்போது அப்படி இல்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்புகளில் 22 குறிகாட்டிகள் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் பதிந்து கொண்டு போன விடைகளுக்குக் கணினி புள்ளி போடும். அந்தப் புள்ளிதான் குடும்பங்களை நான்கு பிரிவாகப் பிரிக்கிறது. மிக வறிய குடும்பத்துக்கு முதலில் 15,000 ரூபாய், வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபாய் என்று இருந்தது 2025 ஜனவரியில் இருந்து 17,500, 10,000 ஆனது. வீட்டில் மூன்று பேர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் அதே தொகைதான். இது சரியில்லை என்பது என் எண்ணம். உங்களைப் போல ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டில் அரிசிப் பானையின் அளவே வேறு.

கல்வீடு என்ற ஒரே காரணத்தால் பெயர் விழுவதில்லை. வீடு அந்த 22க்குள் சில குறிகாட்டிகள்தான். ஆனாலும் உங்கள் ஊரார் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. போரில் எல்லாம் இழந்து முகாமில் இருந்து வந்த சனத்துக்கு 5,50,000 ரூபாயைப் பகுதி பகுதியாகக் கொடுத்துக் கட்டச் சொன்ன வீடுகள் அவை. அந்தக் காசு காணாமல் தாலிக்கொடியை அடகு வைத்துக் கூரை போட்ட குடும்பங்கள் எத்தனை. இழப்புக்கு ஈடாக வந்த வீடு இப்போது வசதிக்கு அத்தாட்சியாகக் கணக்கில் ஏறுவது வடக்கு, கிழக்குச் சனத்துக்குச் செய்யப்படுகிற அநியாயம். இதைச் சபைக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியது ஊர்ச் சங்கங்களின் வேலை. மேன்முறையீட்டில் நீங்கள் வீட்டைப் பற்றி நீளமாக எழுதிப் பிரயோசனம் இல்லை. சீமெந்துத் தரையை யாரும் மண் தரை என்று மாற்றிப் பதியப்போவதில்லை. பிழையாகப் பதியப்பட்டதைத் தேடிப் பிடியுங்கள். அங்கேதான் புள்ளி மாறும்.

எங்கே தேடுவது? முதலில் மின்சார பில். மாதம் எவ்வளவு மின்சாரம் பாவிக்கிறீர்கள் என்பதும் ஒரு குறிகாட்டி. எங்கள் பக்கத்தில் ஒரே வளவுக்குள் இரண்டு குடும்பம் இருப்பது வழக்கம். முன்வீட்டில் மீற்றர், பின்வீட்டுக்கு வயர் இழுத்து லைட். பின்வீட்டுக்காரரின் குளிர்சாதனப் பெட்டியும் தோட்டத்து மோட்டரும் முன்வீட்டுக்காரரின் பில்லில் ஓடும். பில்லைப் பார்த்துப் பதிகிறவருக்கு அது எப்படித் தெரியும்? உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால், ஒரு மீற்றரில் இரண்டு குடும்பம் என்று விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கடிதம் வாங்கிப் பில் பிரதியோடு சேருங்கள். அந்த வளவில் இரண்டு அடுப்பு எரிகிறது என்றால், விதானையாரின் பதிவிலும் நீங்கள் இரண்டு குடும்பமாக இருக்கிறீர்களா என்று அன்றைக்கே பார்த்துக் கொள்ளுங்கள். எல்லாரையும் ஒரே குடும்பமாகப் பதிந்திருந்தால் மைத்துனரின் சம்பளமும் உங்கள் கணக்கில் நிற்கும்.

அடுத்தது கணவரின் முதுகு. வீட்டுக்கு வந்தவர் தொழில் என்ன என்று கேட்டபோது அவர் என்ன சொன்னார்? மேசன் என்றுதான் சொல்லியிருப்பார். முதுகு ஏலாது, கிழமையில் பாதி நாள் வேலை இல்லை என்று தன் வாயால் சொல்ல எங்கள் ஆம்பிளைகளுக்கு லேசில் வராது. மேசன் என்று பதிந்தால் நாட்சம்பளம் நல்ல சம்பளமாகத்தான் கணக்கில் ஏறும். வைத்தியசாலையில் கொடுத்த நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, இப்போது எவ்வளவு வேலை செய்யலாம் என்று டொக்டர் எழுதித் தருகிற துண்டு, மூன்றையும் போட்டோப் பிரதி எடுங்கள். இதே பத்திரங்களோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்குக் கணவரின் நிலைமை பொருந்துமா என்று அவர் சொல்லுவார். மாமி 70ஐத் தாண்டியவர் என்பதால் முதியோர் கொடுப்பனவைப் பற்றியும் அதே மேசையில் கேளுங்கள். அவரின் அடையாள அட்டைப் பிரதி கையோடு இருக்கட்டும்.

அக்காவின் காசைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்லுங்கள். வருஷத்தில் இரண்டு தரம், நல்ல நாள் பெருநாளுக்கு, இவ்வளவு வரும் என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். மறைத்தால், வங்கிச் சீட்டோ அயலாரின் முறைப்பாடோ ஒரு நாள் அதை வெளியே கொண்டு வரும். அப்போது நீங்கள் சொன்ன உண்மைகளையும் நம்ப மாட்டார்கள். வெளிநாட்டில் ஆள் இருக்கிறது என்று பொதுவாகப் பதிந்திருந்தால் அது மாதாமாதம் காசு வருகிற வீடு போலத் தெரியும். தொகையையும் மாதத்தையும் சொல்வதுதான் உங்களுக்கு நல்லது.

எப்படிப் பதிந்தார்கள் என்றே தெரியாமல் எதைத் திருத்துவது என்று கேட்பீர்கள். பிரதேச செயலகத்தில் அஸ்வெசும வேலை பார்க்கிற உத்தியோகத்தரிடம் அடையாள அட்டையையும் விண்ணப்ப இலக்கத்தையும் கொடுத்து, உங்கள் விபரத்தைக் கணினியில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் காட்டுவார்கள். மறுத்தால் கோபப்பட வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "எங்கள் குடும்பம் பற்றிப் பதியப்பட்ட விடைகளும் அதற்குக் கிடைத்த புள்ளியும் வேண்டும்" என்று தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். சபையோடு நேரடியாகக் கதைக்க 1924 என்ற இலக்கமும் இருக்கிறது.

மேன்முறையீடு எப்போதும் திறந்திருப்பதில்லை. காலம் அறிவித்து எடுப்பார்கள். ஆகவே பத்திரங்களை இப்போதே சேர்த்து ஒரு பைலில் வையுங்கள், அடுத்த திகதி எப்போது என்று விதானையாரிடம் அடிக்கடி விசாரியுங்கள். கொடுக்கிற எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். அதில் "கிடைத்தது" என்று திகதியோடு முத்திரை வாங்குங்கள். ஒன்லைனில் போட்டால் வருகிற இலக்கத்தை எழுதி வையுங்கள். படிவம் நிரப்பித் தர, பெயர் வரப் பண்ண என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். கஷ்டத்தை விவரிப்பதை விட, "இந்தக் கேள்விக்கு இப்படிப் பதிந்துள்ளது, உண்மை நிலை இது, ஆதாரம் இணைப்பில்" என்று ஒவ்வொன்றாக எழுதினால் வாசிக்கிறவர் உடனே விளங்கிக் கொள்வார்.

லொறி வைத்திருக்கிற வீட்டுக்கு எதிராக எழுதலாமா? பட்டியலுக்கு ஆட்சேபனை தெரிவிக்கிற உரிமை எவருக்கும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை வெட்டுவதால் உங்கள் பெயர் வராது. லொறி யாருடையது, லீசிங் கட்டுகிறார்களா, வீட்டுக்குள் என்ன நோய் என்று வெளியே இருந்து எங்களுக்குத் தெரிவதும் இல்லை. கையில் இருக்கிற நேரத்தை உங்கள் பைலுக்குச் செலவழியுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கணவரோடு கதைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் சண்டை பிடிக்க வேண்டாம், இந்தப் பக்கத்தை அவருக்கு வாசிக்கக் கொடுங்கள். தம்பி, 1942இல் இந்த நாட்டில் கூப்பன் அரிசி தொடங்கியபோது அது ஏழைகளுக்கு என்று வரவில்லை. உத்தியோகம் பார்த்தவரும் காணி பூமி உள்ளவரும் கூப்பன் புத்தகத்தோடு சங்கக்கடைக்குப் போனார்கள். வருமானத்தைப் பார்த்து உணவு முத்திரை கொடுக்கிற வழக்கம் 1979இல்தான் வந்தது. இடம்பெயர்ந்த காலத்தில் நிவாரண அட்டையோடு வரிசையில் நிற்காத குடும்பம் எங்கள் பக்கத்தில் எத்தனை இருக்கும்? உங்கள் மனைவி சவர்க்காரம் வாங்கினாலும் நீங்கள் ரெலிபோனுக்கு ரீலோட் போட்டாலும் 18 வீத வற் வரி அதற்குள் இருக்கிறது. கொடுப்பனவு அந்தத் திறைசேரியில் இருந்துதான் வருகிறது. முதுகு சரியாகி வேலைக்குப் போனால், தகவல் புதுப்பிக்கிற நேரத்தில் அதைச் சொல்லுங்கள். அது வரைக்கும் இது பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு நீங்கள் கட்டி வைத்த காசு.

இன்னொன்று, கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இப்படியான வீடுகளில் பார்த்திருக்கிறேன். கொடுப்பனவு வரத் தொடங்கியதும் கடைக் கடனுக்கோ குழுக் கடனுக்கோ ஈடாக வங்கிப் புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும் கேட்பார்கள், இரகசிய இலக்கத்தோடு. அதை மட்டும் கொடுக்க வேண்டாம். கடன் இருந்தால் மாதம் இவ்வளவு என்று நீங்களே எடுத்துக் கட்டுங்கள். அட்டை உங்கள் கையில் இருக்கட்டும்.

இந்தக் கிழமை கிளினிக், அடுத்தது விதானையார், பிறகு பிரதேச செயலகம் என்று போங்கள். செயலகத்தில் பொதுமக்களைச் சந்திக்கிற நாள் எது என்று முதலே கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் குறையும். அவர்கள் தருகிற பதிலின் பிரதியை, பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மறைத்து எனக்கு அனுப்புங்கள். என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து அடுத்த கடிதத்தை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.