நியூயார்க்ல ஒரே நாள்னா லிட்டில் இத்தாலியா, ஆர்தர் அவென்யூவா?

ஒரு நாள்தான் இருக்கு, எந்த இத்தாலியன் ஏரியாவுக்குப் போறதுன்னு கேட்டிருக்கீங்க, யோசிக்காம பிராங்க்ஸ் ஆர்தர் அவென்யூவுக்குப் போயிருங்க. லிட்டில் இத்தாலின்னு சொல்ற மன்ஹாட்டன் மல்பெரி ஸ்ட்ரீட்டைச் சுத்தி இப்ப சைனாடவுன் வந்துருச்சு, மிச்சம் இருக்கறதுல நிறைய டூரிஸ்ட் ரெஸ்டாரன்ட்தான் (செப்டம்பர்னா வேற விஷயம், 1926லேர்ந்து நடக்கற சான் ஜெனாரோ திருவிழா இருக்கும்).

ஆர்தர் அவென்யூல அக்கம்பக்கத்துக்காரங்களே வந்து சாமான் வாங்கிட்டுப் போறாங்க, அதான் எனக்கு அவ்வளவு பிடிக்கும். தள்ளுவண்டிக்காரங்களைத் தெருவுலேர்ந்து கூரைக்குக் கீழ கொண்டுவரணும்னு 1940ல மேயர் லா கார்டியா திறந்த மார்க்கெட் இன்னும் ஓடுது, உள்ள கண்ணு முன்னாடியே கையால சுருட்டு சுத்துவாங்க. வெளிய வந்து ஒரு உருண்டை மொசரெல்லா சீஸ் வாங்கிப் பாருங்க, அமுக்கினா பால் கசியும், அவ்ளோ ஃப்ரெஷ்! சப்வேல டி (D) ட்ரெயின் ஏறி ஃபோர்டம் ரோடு ஸ்டேஷன்ல இறங்கி நடந்துரலாம், காலைலயே போங்க.