தவக்காலம்: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

சேலத்தில் முப்பது வருஷமாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். சாமியார் இல்லை, பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது செய்த பாவத்தை அறிக்கையிட, உங்கள் பங்குச் சாமியாரிடம்தான் போக வேண்டும். தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பைப் பற்றி மற்றதைக் கேளுங்கள் என்றேன். கேட்டார்கள்.

ஐயா, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள் வருகிறது. 40 என்கிறார்களே?

ஆறு ஞாயிறைக் கழித்துவிடுங்கள். ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்றைக்கு நோன்பு கிடையாது. (சனிக்கிழமையே கறிக்குச் சொல்லிவைக்கிறவர்களையும் எனக்குத் தெரியும்.)

ஏற்காட்டில் மிளகு பறிக்கிறேன். ஒருசந்தி இருந்தால் மதியத்துக்குள் கண் இருட்டுகிறது. விட்டால் பாவமா?

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி கட்டாயமான நாள் இரண்டுதான்: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும்வரை. ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சம். சுத்தபோசனம், அதாவது கறி விலக்குவது, 14 வயதிலிருந்து. நோயாளி, கர்ப்பிணி, உடம்பு முறிய உழைப்பவர் ஆகியோரை ஒருசந்தி கட்டுப்படுத்தாது. சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஏணியில் நின்று மயங்கி விழச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கறியை விடுங்கள், சோற்றைச் சாப்பிடுங்கள்.

மூன்றாம் நாளே மீன் சாப்பிட்டுவிட்டேன்.

சுத்தபோசனத்தில் மீனுக்குத் தடையில்லை. மீனும் வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்திருந்தால், நாளைக்கு மறுபடி தொடங்குங்கள்.

வீட்டுக்காரர் நாற்பது நாளும் காவி கட்டி, சைவம். பிள்ளைகளுக்கு முட்டை, மாமனாருக்குப் பத்தியம், இவருக்குத் தனிச் சமையல். சாம்பாரில் உப்பு குறைந்தால் கோபம் வேறு. நோன்பு அவருக்கு, தவம் எனக்கு.

கடைசி வரியை அவரிடம் அப்படியே காட்டுங்கள் அம்மா. பைபிளில் எசாயா 58ஆம் அதிகாரத்தில் கடவுள் கோபப்படுவது நோன்பு இருக்காதவர்கள் மேல் இல்லை; நோன்பு நாளிலும் வேலைக்காரரைப் பிழிந்துகொண்டு, சண்டை போட்டுக்கொண்டு நோன்பு இருந்தவர்கள் மேல். பசித்தவனோடு உன் அப்பத்தைப் பங்கிடு என்பது அதே இடத்தில்தான் வருகிறது. உங்கள் வீட்டில் பசித்தவர் யார் என்று பார்த்தால், எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் நின்றபடி சாப்பிடுகிற நீங்கள்தான் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை அடுப்படி அவருடையதாக இருக்கட்டும். எல்லோருக்கும் ஒரே கஞ்சி, ஒரே துவையல். கரிச்சட்டி தேய்த்தால் காவி அழுக்காகும். ஆகட்டும்.

காலேஜ் படிக்கிறேன். தினமும் வண்டிக்கடையில் சாப்பிடும் தட்டுவடை செட்டை நாற்பது நாள் விட்டேன். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டதற்கு அண்ணன் திட்டுகிறான்.

அண்ணன் பக்கம் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் இருக்கிறது தம்பி. நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவு என்கிறார் இயேசு, பார்க்கிறவர்களுக்குத் தெரியாதபடி. அதே அதிகாரத்தில் நோன்புக்கு முன்னால் தர்மமும் ஜெபமும் வருகின்றன. அதனால் கேட்கிறேன், அந்தக் காசு எங்கே போகிறது? செட் முப்பது ரூபாய் என்றால் நாற்பது நாளில் 1,200. அது ரீசார்ஜுக்குப் போனால் நீ விட்டது தட்டுவடை, பிடித்தது டேட்டா. ஒரு டப்பாவில் போட்டு வை. உன் கையாலேயே யாருக்காவது கொடு. அப்புறம், அந்த வண்டிக்காரம்மாவின் வியாபாரத்தையும் கெடுக்காதே. நடுவில் ஒரு செட் வாங்கி, பக்கத்தில் வேடிக்கை பார்க்கிற பையனிடம் நீட்டு. பீட்ரூட்டும் கேரட்டும் மேலே குவித்துக் கொடுப்பாரே, அந்த நேரம் உனக்கு நாக்கில் ஊறும். அதுதான் ஒறுத்தல், ஆசையை அடக்குவது.

நாங்கள் சி.எஸ்.ஐ., புரோட்டஸ்டண்ட் சபை. எங்கள் சபையில் நெற்றியில் சாம்பல் பூசுவதில்லை. குறையா?

இல்லை. போன வருஷக் குருத்தோலையை எரித்த சாம்பல் அது, மனம் திரும்பியதற்கு அடையாளம். லெந்து காலம் என்றாலும் தவக்காலம் என்றாலும் வேண்டியது அந்த மனம்.

வெள்ளிதோறும் அரிசிப்பாளையம் குழந்தை இயேசு பேராலயத்தில் இயேசுவின் பாடுகளை நினைக்கும் சிலுவைப்பாதை, பதினாலு நிலையும் முழங்காலில். ஆனால் சொத்துத் தகராறில் தம்பியோடு நாலு வருஷமாகப் பேச்சில்லை. ஈஸ்டருக்கு மேல் பார்த்துக்கொள்ளலாமா?

மத்தேயு 5:23, 24 வாசித்துப் பாருங்கள். பீடத்துக்கு வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் சமாதானமாகு என்கிறது. உனக்கு அவன்மேல் என்று இல்லை, அவனுக்கு உன்மேல். யார் பக்கம் நியாயம் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

எனக்கும் இது இருந்தது. தம்பி ஏற்காட்டில். ஒரு தவக்கால வெள்ளியன்று பஸ் ஏறினேன். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒரு வாக்கியம் தயார் செய்தேன். வாசலில் நின்றதும் ஒன்றும் வரவில்லை. அவன்தான் "அண்ணி வரலையா?" என்றான். உள்ளே போய் வரக்காப்பி கொண்டுவந்தான், சர்க்கரை போடாமல். எனக்குச் சர்க்கரை வியாதி என்பதை மறக்காமல் வைத்திருந்திருக்கிறான். நிலத்தைப் பற்றி அன்றைக்குப் பேசவே இல்லை. பேச்சு அப்புறம் வந்தது, இழுத்தது, பத்திரம் இன்னும் பதிவாகவில்லை.

இந்த வெள்ளி சிலுவைப்பாதைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் தம்பி எந்த ஊரில் இருக்கிறார்?