மழைக்காலத்தில் மட்டும் விரிசல் விடும் ஜிர்கோனியா

கேள்வி: குன்னூரில் சிறிய பல் லேப் நடத்துகிறேன். ஜிர்கோனியா என்ற பீங்கான் வகையில் செய்யும் கிரவுன்களை (பல் உறைகளை) எட்டு மணி நேரம் சின்டரிங் செய்துவந்தோம், அதாவது ஃபர்னஸில் சுட்டு இறுக வைத்தோம். புது ஃபர்னஸில் ஒன்றரை மணி நேர ஸ்பீடு சைக்கிள் உண்டு. கோடையில் நன்றாக வந்தது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து சிலவற்றில் மயிரிழை விரிசல். வேகம்தான் காரணமா?

பதில்: பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. எனக்கு முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான்.

மில்லிங் முடிந்த, அதாவது பிளாக்கிலிருந்து (ஜிர்கோனியாக் கட்டியிலிருந்து) கடைந்தெடுத்த கிரவுன் சாக்கட்டி மாதிரி; கிட்டத்தட்ட பாதி நுண்துளை. அதனால்தான் சுடும்போது நீளத்தில் சுமார் 20 சதவீதம் சுருங்குகிறது. கலர் லிக்விடில் முக்கினால் உறிஞ்சிக்கொள்ளும். குன்னூர் மூடுபனியில் மேசைமேல் வைத்தால் எங்கே காயும்? பழைய சைக்கிளில் நீராவி நிதானமாக வெளியேறியது. இப்போது அதற்கு அவகாசம் இல்லை. ஈரப்பானையைச் சூளையில் ஏற்றக் கூடாது என்பது கோத்தகிரிப் பக்கம் பானை வனைந்த கோத்தர் பெண்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

வேகம் என்றாலே தரக்குறைவு என்று நினைக்க வேண்டாம். ஜிர்கோனியா உருக 2,700 டிகிரி வேண்டும். நாம் சுடுவது 1,500-ஐ ஒட்டி. உருகாமலே துகள்கள் ஒட்டுகின்றன. நுண்ணிய துகளுக்கு மேற்பரப்பு அதிகம். அதைக் குறைத்துக்கொள்ளத்தான் அணுக்கள் நகர்கின்றன. ஆனால் சூடு குறைவாக இருக்கையில் அவை பெரும்பாலும் மேற்பரப்பிலேயே ஊர்கின்றன. துகள் பருக்கும், துளை மூடாது, உந்துவிசையும் வீணாகும். அந்தக் கட்டத்தைச் சட்டென்று தாண்டினால் துகள் நுண்மையாகவே உச்சச் சூட்டை எட்டும், துளைகளும் விரைவில் மூடிக்கொள்ளும். 2010-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ரிஷி ராஜ் குழுவினர் மின்புலம் செலுத்தி, 850 டிகிரியிலேயே, ஐந்து நொடிக்குள் ஜிர்கோனியாவை இறுக வைத்தார்கள். (உங்கள் ஃபர்னஸ் அந்த ரகம் அல்ல, வெறும் சூடுதான்.)

தடிமன் வேறு விஷயம். ஜிர்கோனியா வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். தடித்த பிரிட்ஜை (பல பற்களை ஒன்றாக இணைத்த அமைப்பை) வேகமாகச் சுட்டால் வெளித்தோல் முன்னால் சுருங்கிவிடும், உள்ளே இன்னும் மாவாக இருக்கும். பிரிட்ஜுக்குப் பழைய எட்டு மணி நேரமே நல்லது. கிரவுனை ஸ்பீடு சைக்கிளில் சுடலாம், ஆனால் அதற்கும் தயாரிப்பாளர் ஸ்பீடு சைக்கிளுக்கு என்று சொன்ன பிளாக் மட்டும்.

காய்ந்ததா என்பதைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. டிரையிங் அவனில் (உலர்த்தும் அடுப்பில்) வைத்து, மில்லிகிராம் தராசில் அடுத்தடுத்து நிறுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு ஃபர்னஸில் ஏற்றுங்கள். அப்படியும் விரிசல் வந்தால், சுடுவதற்கு முன்பே ஓரங்களை லென்ஸில் பாருங்கள். அங்கேயே கீறல் தெரிந்தால் ஃபர்னஸைக் குறை சொல்ல வேண்டாம், மில்லிங் பர் (கடையும் முனை) மழுங்கியிருக்கும்.