மாடல் கார் கிட்டை ஃபேக்டரி ஸ்டாக்காகவே கட்டுவது வெறும் காப்பி அடிப்பதுதானே? அதில் என்ன திறமை இருக்கிறது?

கேட்டவர் ஒரு கிட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கம்பெனியில் வந்தபடியே கட்டுவதா, இல்லை அகல டயரும் தீப்பிழம்பு ஸ்டிக்கரும் போட்டு மாற்றுவதா என்று யோசிக்கிறார் போலிருக்கிறது. நியாயமான யோசனைதான். ஆனால் "வெறும் காப்பி" என்று படித்த பிறகு என்னால் சும்மா போக முடியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சண்டைக்கு வருவார்கள். கஸ்டம், அதாவது இஷ்டப்படி மாற்றிக் கட்டுகிறவர்களை நான் மட்டம் தட்டவில்லை. அமெரிக்காவின் ஏஎம்டி கம்பெனி 1958-லேயே ஸ்டாக், கஸ்டம், ரேஸ் என்று எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ள ஒரே பெட்டியில் உதிரிகள் போட்டு விற்றது. அவரவர் விருப்பம். ஆனால் கஸ்டம் காரைப் பார்த்து "பிடிக்கவில்லை" என்று வேண்டுமானால் சொல்லலாம், "இது தப்பு" என்று சொல்ல முடியாது. ஸ்டாக் காரைப் பார்த்துச் சொல்லலாம். சொல்லவும் செய்வார்கள்.

நான் கட்டியது ஃபோர்டு கம்பெனியின் 1965 மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் வரை சரிந்து இறங்கும் பாடி), 1/24 அளவு. நிஜ வண்டி 181.6 அங்குல நீளம், மாடல் 19 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தெரிந்தவர்கள் சிலர் அவரவர் மாடல்களைக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, இதில் பழுத்த அனுபவம் உள்ள ஒருவர் என் வண்டியின் பானட்டைத் தூக்கினார். "ஃபோர்டு இன்ஜின் நீலம் சார். கறுப்பு அடிச்சு வச்சிருக்கீங்க" என்றார். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஃபோர்டு எல்லா இன்ஜினுக்கும் நீலம் அடிக்கத் தொடங்கியது 1966 மாடலில்தான். 1965-இல் 289 வி8 (289 கன அங்குலம், எட்டு சிலிண்டர்) இன்ஜினின் பிளாக் கறுப்பு, வால்வு கவரும் ஏர் கிளீனரும் தங்க நிறம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பெயிண்டே கிடையாது, வெறும் வார்ப்பிரும்பு. சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அலுமினியம், அதற்கும் பெயிண்ட் இல்லை. இதையெல்லாம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். அங்கே வண்டியின் பாடிக்கு அடித்த சிவப்பு இல்லை, செங்காவி பிரைமர் (அடிப்பூச்சு)தான், ஓரங்களில் மட்டும் பாடி பெயிண்ட் தெறித்த மாதிரி லேசாக. ஃபோர்டின் டியர்பார்ன் ஆலையில் வெளிவந்த மஸ்டாங்கை நினைத்து அப்படிச் செய்திருந்தேன். வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். பாராட்டவில்லை, அது வேறு விஷயம்.

மஸ்டாங் அறிமுகமானது 1964 ஏப்ரல் 17. ஃபாஸ்ட்பேக் பாடி வந்தது அந்த வருடம் செப்டம்பரில். நடுவில் உள்ள அந்தச் சில மாதங்களில்தான் எல்லா வம்பும் இருக்கிறது. ஏப்ரலில் வந்த வண்டிகளில் 260 வி8 இன்ஜின் கிடைத்தது, பேட்டரியை சார்ஜ் செய்ய ஜெனரேட்டர் இருந்தது. ஃபாஸ்ட்பேக் வரும்போது 260 போய்விட்டது, ஜெனரேட்டர் போய் ஆல்டர்னேட்டர் வந்துவிட்டது. ஆகவே ஃபாஸ்ட்பேக்கில் ஜெனரேட்டரை ஒட்டினால் அது ஸ்டாக் இல்லை. வீலில் எத்தனை நட்டு என்பதுகூடக் கணக்குதான்: ஆறு சிலிண்டர் வண்டிக்கு நான்கு, வி8-க்கு ஐந்து. இன்ஜின் அறை, வண்டி என்ன நிறமாக இருந்தாலும், கறுப்பு. பாடி நிறத்தை உள்ளேயும் அடித்துவிட்டு "ஃபேக்டரி ஸ்டாக்" என்று சீட்டு எழுதி வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் தேடிப் படித்து, சரிபார்த்து, நகத்தளவு பிளாஸ்டிக்கில் கொண்டுவருவது காப்பி என்றால், சரி, காப்பிதான்.

கைவேலையைப் பற்றியும் கொஞ்சம். நிஜக் காரின் பெயிண்ட் சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன். 24-ஆல் வகுத்துப் பாருங்கள். அவ்வளவு மெல்லிதாக யாராலும் அடிக்க முடியாது, ஆனால் தடிமனாக அடித்தால் கதவு இடுக்கெல்லாம் அடைத்துப் பொம்மை மாதிரி ஆகிவிடும். அதனால் உதிரிகளைப் பாத்திர சோப்பில் கழுவி, அச்சுக் கோடுகளை உப்புத்தாளில் தேய்த்து எடுத்து, பிரைமர், அப்புறம் மெல்லிசாகப் பல கோட். லாக்கர் (சீக்கிரம் காயும் பெயிண்ட்) மேல் எனாமல் (மெதுவாகக் காயும் பெயிண்ட்) அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கிவிடும். ஜன்னல் ஓரத்துக் குரோம் பட்டைக்கு வெள்ளிப் பெயிண்ட் வேண்டாம், பேர்-மெட்டல் ஃபாயில் என்ற மெல்லிய ஒட்டுத்தாளை வைத்துப் பல்குத்தும் குச்சியால் அழுத்தி, புது பிளேடால் அறுக்க வேண்டும். கண்ணாடிக்கு சூப்பர் குளூ போட்டால் புகை படிந்த மாதிரி வெளுக்கும். ஃபெவிகால் போதும்.

நம் ஊர் மழைக்காலத்தில் லாக்கர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் நாளில் மொட்டை மாடியில் அடிக்கலாமே என்பீர்கள். எங்கள் அப்பார்ட்மெண்டில் அதற்கும் வழியில்லை. மாடியில் நான் ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து ஸ்ப்ரே அடித்ததற்கு அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் "கெமிக்கல் வாடை, குழந்தைகள் இருக்கிறார்கள்" என்று பெரிய பஞ்சாயத்து. அதே மாடியில் பிறந்தநாள் என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பட்டாசு வெடிக்கிறார்கள், கேக்கைத் தரையில் மிதித்துவிட்டுப் போகிறார்கள், அதற்கு ஒரு மெசேஜ் கிடையாது. மெயிண்டனன்ஸை முதல் தேதியே கட்டுகிறவன் நான். செயலாளருக்கு வேண்டியவர்கள் என்றால் எல்லாம் சரி. இதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது, விடுங்கள்.

உங்கள் கிட் எந்தக் கார் என்று கேள்வியில் இல்லை. எதுவாக இருந்தாலும் முதல் தடவை மெட்டாலிக் நிறம் எடுக்காதீர்கள். கடையில் கிடைக்கும் மெட்டாலிக் பெயிண்டின் மினுமினுப்புத் துகள் இந்த அளவுக்கு ரொம்பப் பெரிது. மஸ்டாங் என்றால் ரங்கூன் ரெட் அல்லது விம்பிள்டன் ஒயிட், இரண்டும் அந்தக் காலத்து ஃபோர்டு நிறங்கள்தான், இரண்டிலும் மெட்டாலிக் துகள் கிடையாது. சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த கிட்டாக இருந்தால் மட்டும் வெள்ளை வேண்டாம். கீழே இருக்கும் சிவப்பு கசிந்து மேலே இளஞ்சிவப்பாகத் தெரியும்.